காஸ் லைட் பாட்டு

கல்யாண ஊர்வலத்தை எந்தத் தெருமுனையில் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கும் அதிகாரம் அப்போது செங்கல்பட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. தாசில்தாருக்கு இல்லை, போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் இல்லை. பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்த எங்கள் பாய்க்கு இருந்தது. அவர் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் பின்னால் மாப்பிள்ளை கார் நிற்கும். சீர்த்தட்டு தூக்கி வரும் பெண்கள் நிற்பார்கள். காஸ் லைட்டைத் தலையில் வைத்திருப்பவர்கள் கழுத்து வலிக்க நிற்பார்கள். "நடங்க பாய், சோறு ஆறிப் பூடும்" என்று யாராவது கத்துவார்கள். பாய் வாயிலிருந்து கிளாரினெட்டை எடுக்காமலே புருவத்தை மட்டும் தூக்கி, இரு என்பார். சுரம் முடிந்த பிறகுதான் கால் நகரும்.

அவருக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கும், நாங்கள் கேட்டதில்லை. வெறுமனே பாய் என்றால் அவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் கறிக்கடை பாய், லுங்கிக்கடை பாய் என்று முன்னால் ஏதாவது சேர்க்க வேண்டும். ஒல்லியான ஆள். பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டு அவருக்கு இரண்டு அளவு பெரியது. பித்தளைப் பொத்தானில் ஒன்று எப்போதும் நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். தைத்துக்கொள்ளக் கூடாதா என்று அம்மா கேட்டால், "தெச்சிக்கலாம் அண்ணி, அது இன்னும் வுழலியே" என்பார்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு வாடகை சைக்கிள் கடை. கூடவே கல்யாண ஊர்வலங்களுக்குக் காற்றடித்து ஏற்றும் காஸ் லைட் வாடகைக்கு விடுவார். கடைக்குப் பின்னால் வீடு. லைட்டுக்குள் எரியும் வலைத்துணியான மேன்டிலைக் கட்டுவது என் வேலை. என் கை ராசியான கை என்று நைனா சொல்வார். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஊர்வலம் இருக்கும் நாட்களில் பேண்டு செட்டுக்காரர்கள் எங்கள் கடை பெஞ்சில்தான் வந்து கூடுவார்கள். எல்லோரும் வந்து, டீ குடித்து, பீடி பிடித்து, கிளம்பலாம் என்று எழுந்த பிறகு பாய் வருவார். வந்து, கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் ரீடு பட்டையை எடுத்து நாக்கில் நனைப்பார். அது நனைந்து முடிவதற்குள் நான் இன்னும் இரண்டு மேன்டில் கட்டிவிடுவேன்.

எங்கள் கடையில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, அதைத் தள்ளிக்கொண்டே போய், தள்ளிக்கொண்டே திரும்பி வந்த ஒரே மனிதர் அவர்தான். நைனா தலையில் அடித்துக்கொண்டார். "ஏறி மிதிக்கத்தான் பாய் சைக்கிளு."

"ஏறினா வெரசா பூடுதே அண்ணாத்த" என்றார் பாய். உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

எனக்கு அவரைப் பிடிக்கும், சில சமயம் அடிக்கவும் தோன்றும். காரணம் அவர் மனைவி. அந்த அம்மாள் கோவளத்திலிருக்கும் தன் தாய் வீட்டுக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரிய சண்டை ஒன்றுமில்லை. ஒரு பெருநாளுக்கு முன்தினம் துணி எடுத்து வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனவர், பெருநாள் முடிந்த மறுநாள் துணியோடு வந்தாராம். வழியில் யாரோ வாசிக்கக் கூப்பிட்டார்களாம், அப்படியே இன்னோர் இடம் போனாராம். அந்த அம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "கூப்ட வந்தா வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவ்வளவு சுலபம். ஒரு பஸ் ஏறினால் கோவளம்.

"போயி கூட்டினு வர்றதுதானே பாய்?" என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் அம்மா கேட்பாள்.

"போவணும். போவலாம் அண்ணி. இன்னா அவசரம்?"

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன். யுத்த காலத்தில் பாய் மதராஸில் ஒரு ஓட்டல் பேண்டில் இருந்தார். வெள்ளைக்கார சிப்பாய்கள் ஜோடி ஜோடியாக டான்ஸ் ஆடும் இடம். அங்கே ஒரு கோவாக்காரர் டிரம்பெட்டில் வாசித்த இங்கிலீஷ் பாட்டு ஒன்றைக் காதால் கேட்டே பாய் பிடித்துக்கொண்டார். ஜாஸ் பாட்டு என்று சொல்வார். அதற்கு மேல் அதைப்பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ் சார், நோ சார், ஒன்மோர் சார்.

ஊர்வலம் முடிகிற இடத்தில், லைட்டுகளில் காற்று இறங்கி வெளிச்சம் மஞ்சளாகும் சமயம், அவர் அதை எடுப்பார். அதனால் ஊர் அதற்குக் காஸ் லைட் பாட்டு என்று பெயர் வைத்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. பேண்டு செட்டின் மற்ற பாட்டெல்லாம் நம்மை நடக்கச் சொல்லும், இது உட்காரச் சொல்லும் என்று மட்டும் தெரியும். சுரம் வருவதற்கு முன்னால் அவர் மூச்சு வருவது கேட்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போவார். கடைசி வரியில் மேலே ஏறுவார். ஏறி, அங்கேயே மூச்சு தீரும்வரை நின்று, அப்படியே விட்டுவிடுவார். முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. டிரம் அடிக்கிறவர் குச்சியை ஓங்கியபடியே நிற்பார். "இவன் எப்ப முடிப்பான்னு எனக்குக் கையே மரத்துப் போவுது" என்று எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து திட்டுவார்.

ஊருக்குப் பாட்டு பிடித்துப்போயிற்று. முதலில் ஊர்வலத்தின் முடிவுக்கு இருந்தது, பிறகு பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போதும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெண் வண்டி ஏறும்போது பெற்றவர்கள் அழ வேண்டும், அதற்கு வசதியான பாட்டு. காஸ் லைட் பாட்டு இல்லாமல் பெண்ணை அனுப்பினால் கல்யாணத்தில் ஏதோ குறை வைத்த மாதிரி ஆகிவிட்டது. என்ன பாட்டு, என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் இங்கிலீஷ் படித்த வக்கீல்கள் இருந்தார்கள். ஆனால் கோர்ட்டு இங்கிலீஷில் டான்ஸ் பாட்டு வராது போலிருக்கிறது.

என் கல்யாணத்தில்தான் அந்த ரகசியம் உடைந்தது. மாப்பிள்ளைக்குக் கேளம்பாக்கம், உப்பளத்தில் பாத்தி எடுத்து உப்புப் போடுகிற குடும்பம். மாமனார் இல்லை, மாமியார்தான் எல்லாம். நான் கிளம்புகிற நேரம். கார் நிற்கிறது, அம்மா அழுகிறாள், பாய் அந்தப் பாட்டை வாசிக்கிறார். அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த ரயில்வே கார்டு ஒருவர் நைனாவிடம் சைக்கிள் ரிப்பேருக்கு வருவார். அவர் மனைவி, சட்டைக்காரப் பெண்மணி, அதாவது ஆங்கிலோ இந்தியக்காரி, பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள்.

என் மாமியார் பதறிப்போய்க் கேட்டாள். "இன்னாமா, உடம்பு சரியில்லியா?"

"நோ, நோ. இந்தப் பாட்டு! இதை எப்பிடிக் கல்யாணத்துக்கு வாசிக்கிறீங்க? இது பொண்டாட்டி உட்டுட்டுப் போன ஆளு பாடற பாட்டு. அவ போயிட்டா, வூடு காலி, நான் ஒண்டியா உக்காந்திருக்கேன்னு அழறான். எங்க சிஸ்டர் பியானோல வாசிப்பா. ஆனா கடைசி லைன் இப்பிடி இல்லே. கீழே வந்து அமைதியா உக்காரும். இந்த மனுஷன் மேலே தூக்கிட்டுப் போயி அங்கேயே உட்டுட்டார். அதான் எனக்குத் தாங்கலே."

அவள் பாராட்டினாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. என் மாமியார் பாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பாய் கிளாரினெட்டைக் கோட்டில் துடைத்துக்கொண்டே, "அப்டியா மேடம்? எனக்கு யாரும் சொல்லலியே. எனக்குப் போனவ திரும்பி வர்ற மாதிரி இல்ல கேக்குது?" என்றார்.

நான் காரில் ஏறினேன்.

அதன் பிறகு ஊர் பழைய கணக்கையெல்லாம் கிளறியது. பாய் அந்தப் பாட்டை வாசித்து அனுப்பிய பெண்களில் யார் யார் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள், யாருக்குக் குழந்தை இல்லை, யாருடைய புருஷன் பினாங்குக்குப் போய்த் திரும்பவில்லை என்று எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நன்றாக இருந்தவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பேண்டு செட் முதலாளி அந்தப் பாட்டை இனி எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பாய் சரி என்றார். வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் ஊர்வலங்கள் நேரத்துக்கு முடிந்தன. பாய் எங்கும் நிற்கவில்லை. சினிமாப் பாட்டுகளை மளமளவென்று வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனார். எல்லோருக்கும் சந்தோஷம். சோறு சூடாகக் கிடைத்தது.

கேளம்பாக்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் நல்லவர். நல்லவர் என்றால் அம்மா பேச்சைத் தட்டாதவர் என்று அர்த்தம். மாமியாரையும் நான் கொடுமைக்காரி என்று சொல்லமாட்டேன். கல்யாணமான சில வாரங்களில், உப்பு வாரிக் குவித்து ஓலை போட்டு மூடுவதற்குள், நல்ல கோடையில் பேய் மழை அடித்தது. ஒரு பருவத்து உப்பு தண்ணீராகப் போவதைக் கரையில் நின்று பார்ப்பவளுக்கு யாரையாவது திட்டினால்தான் மூச்சு விட முடியும். "எந்த நேரத்துல அந்தப் பாட்ட ஊதிக் கூட்டினு வந்தோமோ" என்றாள். பிறகு பால் திரிந்தாலும் அந்தப் பாட்டு, மாடு கால் நொண்டினாலும் அந்தப் பாட்டு என்று ஆயிற்று.

ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தானே, நைனா வந்து அழைத்துப்போனார். ஆடி முடிந்ததும் புருஷன் வீட்டார் பூ பழத்தோடு வந்து கூட்டிப்போக வேண்டும். ஆடி முடிந்தது. ஆவணியும் பாதி போனது. கேளம்பாக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தெருவில் போகிறவர்கள், "இன்னும் இங்கதான் கீறியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அம்மா வாசலைப் பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி மேன்டில் கட்டுவேன்.

ஒரு நாள் மத்தியானம் பாய் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஊர்வலம் இல்லை. கடையில் நைனா டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பாய் என்னை நேராகப் பார்க்காமல், "சாப்டியா பாப்பா?" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"பாய், அந்தப் பாட்ட ஊதுங்க."

"எந்தப் பாட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அத்த வுட்டாச்சி பாப்பா. அந்த மேடம் சொன்னப்போ நான் நம்பல. இப்ப உன்னப் பாத்தா நம்பிக்கை வந்துடுச்சி. உன் வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டேன். இன்னொரு தபா ஊதினா இன்னா ஆவுமோ."

"இதுக்கு மேல இன்னா ஆவணும்? ஊதுங்க."

நைனா ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பாய் பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்து, மெல்ல மாட்டி, ரீடை நனைத்தார். பட்டப்பகலில், டிரம் இல்லாமல், லைட் இல்லாமல் அந்தப் பாட்டை அன்றுதான் கேட்டேன். தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. காலி வீட்டில் ஒருவன் தனியாக உட்கார்ந்திருப்பது எனக்குக் கேட்டது, கார்டு வீட்டு அம்மாள் பொய் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே நானும் உட்கார்ந்திருந்தேன். கடைசி வரி மேலே ஏறியது. ஏறி, நின்று, அப்படியே தொங்கியது.

"இன்னா பாய் இது?" என்று கத்தினேன். "மேல கொண்டு போயி வுட்டுட்டீங்க? இது எப்பத்தான் கீழ எறங்கும்?"

"அவ வந்தா எறங்கும்" என்றார் பாய்.

யோசிக்காமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியம். தொங்குகிற பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"அவங்க எப்பிடி வருவாங்க? கூப்ட வந்தா வரேன்னுட்டுத்தானே போனாங்க? நீங்க போனீங்களா?"

"போவணும் பாப்பா. போவலாம்னுதான்..."

"எங்க வூட்டுக்காரரும் இந்நேரம் உப்பளத்துக் கரையில குந்திகினு இதையேதான் சொல்லிகினு இருப்பாரு. போவணும், போவலாம். நீங்கள்லாம் போவறதுக்குள்ள நாங்க கெழவியா பூடுவோம்."

உள்ளே போய்ப் பெட்டியில் புடவைகளைத் திணித்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நைனா வாசலை மறித்து நின்றார். "கூட்டினு போவ ஆளு வராம பொண்ணு தானா போயி நின்னா ஊரு சிரிக்கும்டி. உன் மாமியா வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பிட்டா இன்னா பண்ணுவ?"

"திரும்பி வந்து மேன்டில் கட்றேன். வழி வுடு நைனா."

வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டால் இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன் என்று தெரியவில்லை. நைனா நகர்ந்தார். ஆனால் கூட வர அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அப்போது பாய் எழுந்தார். "கேளம்பாக்கம் வரிக்கும் நான் கூடப் போறேன் அண்ணாத்த."

நைனா ஒரு காஸ் லைட்டை எடுத்து, அந்த வெயிலில் ஏற்றி, கடை வாசலில் மாட்டினார். லைட் இல்லாமல் அவர் எந்தப் பெண்ணையும் அனுப்பியதில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நான் பெட்டியோடு முன்னால் நடந்தேன், பாய் பின்னால் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டே வந்தார். ஊர் நன்றாகத்தான் சிரித்தது. பாய் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

பஸ் திருப்போரூரைத் தாண்டி உப்புக் காற்று அடித்ததும் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டேன். கேளம்பாக்கத்தில் பெட்டியோடு இறங்கித் திரும்பிப் பார்த்தால், பாய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தே இருக்கிறார்.

"எறங்கலியா பாய்?"

"நீ போ பாப்பா. நான் கோவளம் வரிக்கும் டிக்கெட் வாங்கிட்டேன்."

கண்டக்டர் யாருடனோ பேசிக்கொண்டு கீழே நின்றிருந்தார். பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நான் அதுவரை கேட்டிராத குரலில், "யோவ், ரைட் சொல்லுய்யா! எம்மா நேரம் நிப்பாட்டுவ? மன்சனுக்கு அவசரம் தெரியாது?" என்று கத்தினார்.

பஸ் போய்விட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரோட்டில் நின்றேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் எதிரே ஓடி வந்து, "நாளிக்கி வரலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

மாமியார் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். தனியாக வந்த மருமகளை எப்படித் திட்டுவது என்று அவளுக்கு முன்மாதிரி எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில், "கால கழுவினு உள்ள வா" என்றாள்.

தை மாதம் நான் வாயும் வயிறுமாகச் செங்கல்பட்டுக்கு வந்தேன். ஊருக்கு அது போதுமாயிருந்தது. காஸ் லைட் பாட்டோடு திரும்பிப் போனவள் எப்படி இருக்கிறாள் பார் என்று, அந்தப் பாட்டை மறுபடி கேட்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அன்று பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் கார்டு வீட்டு அம்மாளும் கூட்டத்தில் நின்று கேட்டோம். அதே மூச்சு, அதே வழுக்கல். கடைசி வரி வந்தது. மேலே ஏறவில்லை. மெல்ல இறங்கி, தரைக்கு வந்து, உட்கார்ந்தது. டிரம்காரர் நேரத்துக்குக் குச்சியைப் போட்டார். பந்தலுக்கு வெளியே நின்றிருந்த ஓர் அம்மாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சோறு ஆறுது, வரியா இல்லியா?" என்றாள். பாய் உடனே போனார். கோட்டில் எல்லாப் பொத்தானும் இறுக்கமாகத் தைத்திருந்தது.

கார்டு வீட்டு அம்மாள் என் காதருகே குனிந்தாள். "இப்போதான் கரெக்டா வாசிக்கிறார். ஆனா பாரு, எனக்கு அழுகையே வர்லே."

எனக்கும் வரவில்லை. பாய்க்காக அவ்வளவு சந்தோஷப்பட்டேன், அந்த மேலே தொங்கும் சுரம் இனிமேல் கேட்கவே கேட்காது என்பதில் ஏமாற்றமாகவும் இருந்தது. சொன்னால் பாவம் என்று சொல்லாமல் விட்டேன்.